நாய்க்குப் பதில் ஆளா? உதவி நாயும் ஒரே வகுப்பின் இரண்டு பிள்ளைகளும்

உடல் குறைபாடு உள்ள ஒரு பிள்ளை, தனக்கு வேலைகளில் உதவப் பயிற்சி பெற்ற நாயோடு (உதவி நாய்) பள்ளிக்கு வருகிறது. அதே வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு நாய் பக்கத்தில் வந்தாலே மூச்சிரைக்கிறது. பள்ளிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: நாய்க்குப் பதிலாக ஓர் உதவியாளரை வைக்கலாம், இருவரையும் வெவ்வேறு வகுப்புக்கு மாற்றலாம், ஒரே அறையில் தள்ளித் தள்ளி உட்காரவைக்கலாம்.

பள்ளிகளுக்கு அதிகம் பிடித்தது முதல் வழி. விழுந்த பென்சிலை எடுக்க, கதவைத் திறக்க ஓர் ஆள் போதாதா என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுமிக்கு இதுதான் சொல்லப்பட்டது. சோதனையாகக் கொஞ்ச நாள் நாயைப் பள்ளிக்குள் விட்டார்கள்; அப்போதும் அது அறையின் பின்பக்கம் இருக்க வேண்டும், பல வேலைகளைச் செய்யக் கூடாது. அதற்கு நாயை விடாமலே இருந்திருக்கலாம்! அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017இல் அங்கே குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நாயைப் பள்ளிக்குள் விட வேண்டுமா என்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. சிறப்புக் கல்விச் சட்டத்தின் முறையீட்டுப் படிகளை முடிக்காமல் வழக்குப் போடலாமா என்பதுதான் அங்கே கேள்வி. ஆனால் அதில் ஓர் உரைகல் கிடைத்தது: இதே மறுப்பு ஒரு நூலகத்தில் நடந்திருந்தால் அப்போதும் இந்தக் குறையைச் சொல்ல முடியுமா? முடியும் என்றால், இது பாடம் கற்பிப்பது பற்றிய சண்டை அல்ல; அந்தப் படிகளை முடிக்கவும் தேவையில்லை.

எனக்கு இந்த உரைகல் பிடித்திருக்கிறது. உதவியாளர் பள்ளி மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். நாய் பிள்ளையோடு கடைக்கும் நூலகத்துக்கும் போகும். பகல் முழுக்கப் பிரித்துவைத்தால் பிள்ளைக்கும் நாய்க்கும் உள்ள பழக்கம் தளரும். அப்புறம், பதிமூன்று வயதில் கழிப்பறைக்குக்கூட ஒரு பெரியவர் கூட வருவதை எந்தப் பிள்ளை விரும்பும்?

சரி, மூச்சிரைக்கும் பிள்ளை? அமெரிக்க விதிகளின்படி அலர்ஜியோ பயமோ நாயை மறுக்கக் காரணம் ஆகாது. ஆனால் கடுமையான ஆஸ்துமாவும் ஒரு குறைபாடுதான், அந்தப் பிள்ளைக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. அதனால் இருவரையும் அறையின் வேறு வேறு இடங்களிலோ வேறு வேறு அறைகளிலோ வைக்கச் சொல்கிறது அந்நாட்டு நீதித் துறையின் வழிகாட்டுதல்.

இந்த இரண்டில் எது? பயத்துக்கும் லேசான தும்மலுக்கும் ஒரே அறை போதும். ஆஸ்துமாவுக்குப் போதாது. அலர்ஜியைக் கிளப்பும் புரதங்கள் நாயின் தோல் செதிலிலும் எச்சிலிலும் இருக்கின்றன. அவை காற்றில் மிதக்கும், துணியில் ஒட்டிப் போகும். நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து என்ன பயன்? ‘அலர்ஜி தராத இனம்’ என்று விற்கப்படும் நாய்களை நம்பியும் பலனில்லை. அந்த நாய்கள் உள்ள வீடுகளில் அளந்து பார்த்தபோது, மற்ற நாய்கள் உள்ள வீடுகளைவிட இந்தப் புரதம் குறைவாக இருந்ததாகத் தெரியவில்லை. தரைவிரிப்பை எடுப்பது, ஈரத்துணியால் துடைப்பது, காற்று வடிகட்டி வைப்பது எல்லாம் துணை மருந்து மாதிரிதான். ஆஸ்துமா என்றால் என் ஓட்டு வேறு வகுப்புக்கே. அதைப் பள்ளி திறக்கும் முன்பே செய்ய வேண்டும். ஆண்டின் நடுவில் ஒரு பிள்ளையைக் கிளப்பினால் அதற்குத் தண்டனை மாதிரி இருக்கும், கோபமும் நாயின் மேல்தான் திரும்பும். ஒரே ஒரு பிரிவுதான் இருக்கும் சிறிய பள்ளிக்கு இந்த வசதி கிடையாது. அங்கே மருத்துவரைக் கேட்டு இருக்கையையும் நேரத்தையும் பிரிப்பதே மிச்சம்.

பள்ளிகள் அலர்ஜியைக் காட்டி மறுக்கும் பல இடங்களில் உண்மையான தயக்கம் வேறு என்று நினைக்கிறேன்: நாயை வெளியே கூட்டிப்போவது யார்? பராமரிப்பது பள்ளியின் வேலை இல்லை என்று அமெரிக்க விதி சொல்கிறது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தனியாக எப்படிச் செய்யும்? 2015இல் புளோரிடாவில் ஒரு நீதிமன்றம், நாயைச் சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போகும் மாணவனுக்குப் பள்ளி ஊழியர் துணை போவது நியாயமான உதவிதான் என்றது. யார், எத்தனை மணிக்கு, எந்தக் கதவு வழியாக என்று சேர்க்கை நாளிலேயே எழுதிக்கொண்டால் பாதிச் சண்டை வராது.