மலைவீட்டுக் கணப்புக்கு எந்த முகப்பு? கருங்கல், செங்கல், மார்பிள், தேக்கு: ஓர் ஒப்பீடு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பழைய பங்களா வாங்கியவர்களும் புதிதாக வீடு கட்டுகிறவர்களும் கணப்பு (ஃபயர்பிளேஸ்) என்று வந்ததும் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். பளிச்சென்ற வெள்ளை மார்பிள், மேலே தடித்த தேக்குப் பலகை, அதன்மேல் ஒரு டிவி. அந்தப் படத்தில் இருக்கும் வீடு அநேகமாகக் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடுகிற, உள்ளே காற்று காய்ந்து கிடக்கிற வீடு. நம் மலை வேறு. இங்கே கணப்பு எரிவது சில மாதங்கள்தான், அதுவும் மாலையில் சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அதன் முகப்பு எதிர்கொள்வது மூடுபனியை, சாரலை, சுவரில் ஏறும் ஓதத்தை. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிழிந்தெடுக்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. முகப்புக்கான பொருள் நெருப்பைத் தாங்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடையில் காட்டும் பொருட்களில் பாதியை ஒதுக்க வைப்பது நெருப்பு இல்லை, ஓதம்.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். விறகு எரியும் குழி வேறு, அதைச் சுற்றிய முகப்பு வேறு. குழிக்குள் ஃபயர் பிரிக்கும் அதற்கென்று இருக்கும் ஃபயர் கிளே சாந்தும்தான் போட வேண்டும். சாதாரணச் செங்கல், கிரானைட், டைல்ஸ் எதுவும் உள்ளே போகக் கூடாது. கீழே ஒப்பிடுவதெல்லாம் வெளியே, குழியின் வாயைச் சுற்றியும் முன்தரையிலும் போடுகிற பொருட்களை மட்டுமே.

கருங்கல்லும் கிரானைட் பலகையும்

நீலகிரி மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறை. பெயர் வந்த கதை இது: கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது சென்னைப் பல்லாவரம் பக்கத்துக் கல். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கின் பெயரை வைத்தார். பல்லாவரத்திலும் நம் மலையிலும் இருப்பது ஒரே குடும்பத்துக் கல். பழைய பங்களாக்களின் அடித்தளத்திலும் தாங்குசுவர்களிலும் நீலச் சாம்பல் நிறத்தில், லேசான எண்ணெய்ப் பளபளப்போடு தெரிவது பெரும்பாலும் இதுதான். இடித்த சுவரிலிருந்து நல்ல கற்கள் கிடைத்தால் விடாதீர்கள். உளி வேலை தெரிந்த ஆளை வைத்துக் கொத்தி, சுண்ணாம்புச் சாந்தில் கட்டினால் இந்தக் காலநிலைக்கு அதைவிடப் பொருத்தமான முகப்பு எனக்குத் தெரியவில்லை. தண்ணீரைக் குடிக்காது, கறை பிடிக்காது, புகை படிந்தாலும் நிறத்தோடு நிறமாகிவிடும். தடித்த கல் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும்; நெருப்பு அணைந்த பிறகும் அறையில் கதகதப்பு கொஞ்ச நேரம் நிற்கும்.

கிரானைட் நெருப்புக்கு எதுவும் ஆகாது என்று கடையில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. தென்னிந்தியாவில் கல் உடைப்பவர்கள் வெடி இல்லாமல், பாறை மேல் விறகை எரித்தே பலகை பலகையாகப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் சட்டென்று பருமன் கூடும். பக்கத்தில் இருக்கும் மற்றத் தாதுக்கள் அதே அளவுக்கு விரியாததால் கல் சிதறும். அதற்கு வெகு முன்பே, சீரில்லாத சூட்டில் கீறல் விடத் தொடங்கும். வாசலில் வழுக்காமல் இருக்கப் போடும் ஃபிளேம்டு கிரானைட்டும் தீச்சுடரால் மேற்பரப்பைப் பொரிய வைத்துச் செய்வதுதான். எனவே கிரானைட் முகப்புக்கு நல்லது, குழிக்குள் கூடாது, சுடர் நேரடியாக நக்கும் விளிம்பிலும் கூடாது. பலகையைக் குழியின் விளிம்போடு முட்டவைக்காமல் சிறு இடைவெளி விட்டு, அதில் செராமிக் ஃபைபர் கயிறு அடைக்கச் சொல்லுங்கள். கல் விரிய இடம் வேண்டும்.

பலகை வாங்கும்போது பின்பக்கத்தையும் பாருங்கள். வலை ஒட்டி, மேலே எபாக்சி பூசிக் கீறல்களை மறைத்த பலகைகள் சந்தையில் நிறைய. சமையல் மேடைக்கு அது பரவாயில்லை. தினம் சூடேறும் இடத்தில் அந்தப் பிசின் மஞ்சளாகும். கருப்பு கிரானைட் என்று விற்பதில் பெரும்பாலானவை உண்மையில் டோலரைட், கேப்ரோ வகைக் கற்கள். அவற்றில் குவார்ட்ஸ் குறைவு என்பதால் கணப்புக்கு அவையே மேல். இப்போது எல்லாக் கடைகளிலும் முன்வரிசையில் நிறுத்தியிருக்கும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையை மட்டும் தொடவே வேண்டாம். கல் தூளைப் பாலியெஸ்டர் பிசினில் கலந்து அழுத்திய பொருள் அது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் கணப்புக்கு அருகே அதற்கு வேலையில்லை.

செங்கல்

கருங்கல்லுக்கு நேர்ப் போட்டி இதுதான். செங்கல் ஈரத்தைக் குடிக்கும், ஆனால் குடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதைத் தடுக்காமல் விட்டால் போதும். சிக்கல் வருவது நாம் அதை மூடும்போது. வெளித்தெரியும் செங்கல்லின் மேல் பளபளவென்று வார்னிஷ் அடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. இரண்டு மழைக்காலம் போனால் உள்ளே மாட்டிய ஈரம் உப்பாகப் பூத்து, வார்னிஷைத் தோல் தோலாக உரிக்கும். சிமெண்ட் சாந்தும் இதே கெடுதலைச் செய்யும். ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் செங்கல் முகத்தின் வழியே வந்து அதைப் பொரிய வைக்கும். சுண்ணாம்புச் சாந்து என்றால் ஈரம் அதன் வழியே போய்விடும், சூட்டில் கொஞ்சம் அசைந்தும் கொடுக்கும்.

வெளித்தெரியும் வேலைக்கு நாட்டுச் செங்கலைவிட, இயந்திரத்தில் பிதுக்கிக் கம்பியால் அறுத்த வயர்கட் செங்கல் சீராக அமையும். இரண்டைத் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். எல்லாமே சமவெளியிலிருந்து லாரியில் ஏறி வருவதால் ஏற்றுகூலி, உடைசல் இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்தும் கிரானைட்டைவிடச் செலவு குறைவாகவே வரும். இதன் பெரிய பலம், ஒரு கல் போனால் அந்த ஒரு கல்லை மட்டும் கொத்தி எடுத்து மாற்றலாம். கிரானைட் பலகையில் ஓரம் உடைந்தால் முழுப் பலகையும் போச்சு.

மார்பிள், கடப்பா

இரண்டும் கால்சியம் கார்பனேட் குடும்பம். எலுமிச்சை, புளி, வினிகர் பட்டால் அரிக்கும். கழிவறை ஆசிட் பட்டால் கேட்கவே வேண்டாம். வெள்ளை மார்பிளில் புகைக்கறை உள்ளே இறங்கிவிட்டால் முழுதாக எடுக்க முடியாது. மெல்லிய மார்பிள் பலகைக்கு இன்னொரு குணம் உண்டு: சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் அதன் படிகங்கள் திசைக்கொரு விதமாக விரிந்து பலகை வளையும், ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகமாக. சிகாகோவின் அமோக்கோ கட்டடம் முழுவதும் போர்த்திய கராரா மார்பிள் இப்படி வளைந்துபோய், 1990களின் தொடக்கத்தில் அத்தனையையும் கழற்றி கிரானைட் போட்டார்கள். ஹெல்சிங்கியின் ஃபின்லாந்தியா மண்டபத்திலும் மார்பிள் வளைந்தது. அவை வெளிச்சுவர்கள் என்பது சரி. ஆனால் குளிர்ந்த ஈரச் சுவரில் ஒட்டி, மாலைதோறும் முன்பக்கம் மட்டும் சூடேறும் மெல்லிய பலகைக்கும் அதே அலைக்கழிப்புதான். மகரானா மார்பிள் போட்டே தீருவேன் என்றால் தடித்த பலகையாக எடுங்கள், வாயிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், நடுவில் கருங்கல் பட்டை ஒன்று வரட்டும்.

கடப்பா கல் விலையில் எல்லாரையும் ஜெயிக்கும். கருப்பாக இருப்பதால் புகை தெரியாது. அடுக்கடுக்காகப் பிரியும் சுபாவம் உள்ளது என்பதால் நேரடிச் சூடு படும் இடத்தில் நான் அதை நம்புவதில்லை. முன்தரைக்குப் போடலாம். கீறினால் வெள்ளையாகத் தெரியும். கொஞ்சம் எண்ணெய் தேய்த்தால் மறைந்துவிடும். அவ்வளவுதான்.

தேக்கு

மரத்தின் அழகுக்கு ஈடு கிடையாது, குறிப்பாகக் காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்குக்கு. ஆனால் முகப்பு முழுவதையும் மரத்தில் செய்வதை நான் ஏற்கமாட்டேன். மேலே ஒரு பலகை போதும். மரம் மழைக்காலத்தில் உப்பும், பனிக்காலத்தில் சுருங்கும். கணப்பு எரிகிற மாதங்களில் அடிப்பக்கம் மட்டும் காய்ந்து கோணும். இதைவிடக் கவலைக்குரியது வேறு. வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் சூடேறும் மரம் மெல்ல உள்ளுக்குள் கருகும். புது மரம் தீப்பிடிப்பதைவிடக் குறைந்த சூட்டிலேயே அது பற்றிக்கொள்ளக்கூடும்.

அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் உள்ள அளவு எளிமையானது, நம் மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் சொல்லிப் புரியவைக்கக்கூடியது. வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய பொருள் எதுவும் கூடாது. 12 அங்குலத்துக்குள் இருந்தால், தூரத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 1/8 அங்குலம் மட்டுமே முன்னால் நீட்டலாம். அதாவது வாய்க்கு 10 அங்குலம் மேலே பலகை என்றால் ஒன்றே கால் அங்குலம்தான் துருத்தலாம். அது பலகையே ஆகாது, ஒரு பட்டைதான். பொருள் வைக்கிற அகலத்தில் தேக்குப் பலகை வேண்டும் என்றால் 12 அங்குலத்தையும் தாண்டி மேலே ஏற்றுங்கள். நான் இன்னும் கூடுதலாகவே விடச் சொல்வேன், ஏனென்றால் நம் ஊர்க் கணப்புகள் பலவும் வாய் வழியே கொஞ்சம் புகையையும் சூட்டையும் கக்குகிறவை. பாலிஷ் விஷயத்தில், மெலமைன் போன்ற பளபளப்புப் பூச்சு சூட்டில் கொப்பளிக்கும். எண்ணெய்ப் பூச்சு மங்கலாக இருந்தாலும் நிற்கும்.

டைல்ஸ், ஆத்தங்குடி ஓடு, சுண்ணாம்புப் பூச்சு

விட்ரிஃபைடு டைல்ஸ் உயர்ந்த சூட்டில் சுட்டெடுத்தது, ஈரமும் குடிக்காது. டைல்ஸ் நிற்கும், பின்னால் பூசும் பசைதான் விட்டுக்கொடுக்கும். சாதாரண டைல்ஸ் பசை சூட்டில் பிடியை இழப்பதால், சூடு தாங்கும் பசையா என்று பையிலேயே படித்துப் பார்த்து வாங்குங்கள். ஆத்தங்குடி ஓட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் அது சூளையைப் பார்க்காத ஓடு; சிமெண்டும் மணலும் நிறமும் சேர்த்து, தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்தது. மேல்பூச்சு இல்லாததால் கரியும் எண்ணெயும் உள்ளே இறங்கும். பக்கச் சுவருக்கு அழகாக இருக்கும், வாயை ஒட்டி வேண்டாம்.

எல்லாரும் மறந்துவிடுவது வெறும் சுண்ணாம்புப் பூச்சை. பழைய பங்களா அறைகள் சிலவற்றில் கணப்புக்கு முகப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. சுவரின் பூச்சே வாய்வரை வந்து மடங்கி நிற்கும். செலவு மிகக் குறைவு. முடி அளவு கீறல் வந்தால் சுண்ணாம்புத் தண்ணீரைத் தடவினால் போதும், கறை படிந்தால் அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும். கையில் பணம் குறைவாக இருக்கும்போது போலிக் கல் ஒட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

எந்தப் பாணி?

இந்த மலைகளுக்குக் கணப்பு வந்தது ஆங்கிலேயர்களோடுதான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் ஊட்டியில் கட்டிய ஸ்டோன்ஹவுஸ், உள்ளூர்க்காரர்களுக்குக் கல் பங்களா, இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதன் பிறகு வந்த பங்களாக்களில் இரண்டு பக்கம் தூண், மேலே பலகை என்ற பாணியும், உள்ளே வளைவான வார்ப்பிரும்புச் சட்டமும் பரவின. வார்ப்பிரும்பு இங்கே துருப்பிடிக்கும், ஆனால் தேய்த்துக் கிராஃபைட் பாலிஷ் போட்டால் மீண்டுவிடும். உங்கள் வீட்டில் பழைய சட்டம் இருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பாணியைத் தேர்வதில் அழகைவிட முக்கியமானது வாயின் அளவு. செவ்வகப் புகைபோக்கியின் குறுக்குப் பரப்பு, வாயின் பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம் என்றால் வாய் 1,080 சதுர அங்குலம். 9க்கு 12 அங்குலப் புகைபோக்கி சரியாகப் பொருந்தும். நவீன பாணி வேண்டும் என்று முகப்பை உடைத்து வாயை 42க்கு 36 ஆக்கினால் பரப்பு 1,512 ஆகிவிடும். அதே புகைபோக்கி இப்போது போதாது, புகை அறைக்குள் வரும். சட்டம் எதுவும் இல்லாமல் சுவரோடு சுவராக அகன்ற வாய் வைக்கும் பாணியில் அடிக்கடி நடப்பது இதுதான். மாறாக, செங்கல் வளைவு வாயைச் சுருக்கும், புகையை நன்றாக இழுக்க வைக்கும். 1796இலேயே விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு புகைபோக்கி பற்றி எழுதிய கட்டுரையில், குழியிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் தொண்டையைக் குறுக்கி, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டினால் புகை குறையும், அறைக்குச் சூடு கூடும் என்று விளக்கிவிட்டார்.

டிவியை அங்கே மாட்ட வேண்டாம். மேலே சூடு, முன்னால் கழுத்து வலி.

முன்தரை எந்தப் பாணியிலும் ஒரே கணக்குதான். வாய் 6 சதுர அடிக்குள் இருந்தால் முன்னால் 16 அங்குலம், இரு பக்கமும் 8 அங்குலம். அதற்கு மேல் என்றால் 20, 12. இந்த அளவுக்குள் மரத்தளமோ கம்பளமோ வரக் கூடாது. சீகை (வாட்டில்) விறகு அமைதியாக எரியும், ஆனால் சரியாகக் காயாத கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு பொரியைத் தூரத் தெறிக்கவிடும்.

என்னைக் கேட்டால், பழைய பங்களாவுக்குச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கருங்கல், உள்ளே பழைய இரும்புச் சட்டம். புது வீட்டுக்கு வயர்கட் செங்கல் வளைவு, உயரத்தில் ஒரு தேக்குப் பலகை, முன்தரைக்குக் கருப்பு கிரானைட். வாடகைக்கு விடும் வீடு என்றால் விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் பூசிய சுண்ணாம்பு இறுகாது. முடிந்ததும் சில வாரம் ஆறவிட்டு, அப்புறம் முதல் நாள் நாலு சுள்ளி, மறுநாள் கொஞ்சம் கூடுதல் என்று படிப்படியாகத்தான் எரிக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே பெரிய கட்டையைப் போட்டால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிப் புதுச் சாந்தைப் பிளந்துவிடும்.