இதய மறுவாழ்வு வகுப்பு: பேச்சு நன்று, உணவுத்தாள் சுமார்

மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் முடிந்தவர்களுக்குச் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்று நடத்தும் 12 வார வகுப்பு இது. வாரத்துக்கு மூன்று நாள். டிரெட்மில், சைக்கிள் எல்லாம் எங்கும் இருப்பவைதான். பயிற்சிக்கு முன் அரை மணி உட்காரவைத்துப் பேசுகிறார்களே, அதற்காகப் போகலாம்.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் 5 மி.கி. ஐசோசார்பைடு மாத்திரையைப் பல இடங்களில் சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு சரி. இங்கே செய்து காட்டச் சொல்கிறார்கள். முதலில் உட்கார வேண்டும்; நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கி விழ நேரும். விழுங்காமல் கரையவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108. வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருப்பதில்தான் பொன்னான நேரம் போகிறது. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள், அதே வகை டாடலாபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், இந்த மாத்திரை கூடவே கூடாது. அதை ஆண்களிடம் தனியே அழைத்துக் கேட்கிறார்கள். மனைவி பக்கத்தில் இருந்தால் யார் வாய் திறப்பார்?

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "பல் பிடுங்கணும், ரத்த மாத்திரையை நிறுத்துங்கன்னு பல் டாக்டர் சொன்னா என்ன செய்வீங்க?" என்று இங்கே கேட்கிறார்கள். அந்த 'ரத்த மாத்திரை', அதாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ, இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டில் ரத்தம் உறையலாம் என்பதை நோயாளியே சொல்லும்வரை விடுவதில்லை.

மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் நாடித்துடிப்பை ஏறவிடாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி நடந்தால் அளவு மீறிப்போகும். அதனால் உடலுக்கு எவ்வளவு சிரமமாகத் தெரிகிறது என்று நாமே எண் சொல்லும், 6 முதல் 20 வரையிலான போர்க் அளவுகோலில் 11–13க்குள் நிற்கச் சொல்கிறார்கள். ஆனால் அட்டை முழுக்க ஆங்கிலம். 'மூச்சு கொஞ்சம் வாங்குது, ஆனா பேச முடியுது' என்று தமிழில் அச்சடிக்க எவ்வளவு ஆகிவிடும்?

உணவுத்தாள்தான் சறுக்கல். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், சால்மன்! உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி என்பது சரி. இட்லி மாவில் போட்டது, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும் என்று ஒரு வரிகூட இல்லை. 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கலாம் என்று பொதுவாக எழுதியிருப்பது ஆபத்து. அதில் பொட்டாசியம் அதிகம். ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த, இதய மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடம் மாறலாம். சமைப்பவரை ஒருமுறையாவது வகுப்புக்கு அழைக்காததும் குறையே.

மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வித் தாளை முதல் நாள் நிரப்பி வாங்குகிறார்கள். பிறகு அது கோப்பில் தூங்குகிறது. தூக்கம் கெட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

போகிறவர்கள் மருந்துச்சீட்டோடு வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். கம்பெனிப் பெயர் வேறு வேறாக இருப்பதால் ஒரே மருந்தை இருமுறை விழுங்கிக்கொண்டிருப்பது அங்கே மேசையில் பரப்பிப் பார்க்கும்போதுதான் பிடிபடும்.