பக்கத்து கிளினிக்கா, பெரிய ஆஸ்பத்திரியா? கர்ப்பகால செக்கப்புக்கு எங்கே போகலாம்

கர்ப்பம் உறுதியானதுமே வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். நடக்கிற தூரத்தில் உள்ள சின்ன கிளினிக்கிலேயே செக்கப்பை வைத்துக்கொள்வதா, தூரமானாலும் பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு செய்வதா? நான் செக்கப்புக்குக் கிளினிக், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்று முடிவெடுத்தவள். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வசதியில் போட்டியே இல்லை. ஸ்கேன், லேப், சிறப்பு மருத்துவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரியில் ஒரே இடத்தில் கிடைக்கும். கிளினிக்கில் எடை, பிபி, சிறுநீர், ஹீமோகுளோபின், குழந்தையின் இதயத்துடிப்பு பார்ப்பார்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை தருவார்கள். ஸ்கேனுக்கு வெளியே அனுப்புவார்கள். தூரமும் செலவும் கிளினிக்கில் குறைவு. சரி, இதெல்லாம் தெரிந்த கதை.

வசதி இருந்து என்ன பயன், கடைசிவரை விடாமல் போக முடியாவிட்டால்? முன்பு 4 முறை போனால் போதும் என்று சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனம், 2016-ல் குறைந்தது 8 முறை என்று மாற்றியது. முதல் தடவை 12 வாரத்துக்குள், அப்புறம் 20, 26, 30, 34, 36, 38, 40-வது வாரங்களில். கவனித்தால், 8-ல் 5 சந்திப்புகள் 30-வது வாரத்திலிருந்துதான் வருகின்றன. கால் வீங்கி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சமயத்தில்தான் அடிக்கடி வரச் சொல்கிறார்கள்! பயணமும் வரிசையுமாக ஒரு நாளே போய்விடும் என்றால், ‘நன்றாகத்தானே இருக்கிறேன், அடுத்த தடவை பார்க்கலாம்’ என்று மனசு சொல்லத்தான் செய்யும். தினக்கூலிக்குப் போகிறவளுக்கு அது ஒரு நாள் சம்பளம். வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் அதை யாரிடம் விடுவது? முதல் கர்ப்பத்தில் தவறாமல் போனவர்கள் அடுத்ததில் குறைத்துக்கொள்வதற்கு அலட்சியத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் என்னைக் கிளினிக் பக்கம் சாய்த்தது தூரம்கூட இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே நர்ஸ் இருந்தார் என்பதுதான்.

140/90-ஐத் தொட்டால்தான் பிபி அதிகம் என்று கணக்கு. எப்போதும் 100/60 இருக்கும் பெண்ணுக்கு ஒருநாள் 134/86 வந்தால், புதிதாகப் பார்க்கிறவர் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாம். மாதாமாதம் பார்க்கிறவர் உடனே நிமிர்ந்து பார்ப்பார்: ‘உனக்கு இவ்வளவு இருக்காதே, தலைவலி இருக்கா? சிறுநீரில் புரதம் பார்த்துடலாம், இரண்டு நாளில் மறுபடி வா.’ 20 வாரத்துக்குப் பிறகு வருகிற ப்ரீ-எக்ளாம்ப்சியா (பிபி ஏறி, தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தாகக்கூடிய கர்ப்பகாலச் சிக்கல்) பல சமயம் இப்படிச் சத்தமில்லாமல்தான் தொடங்கும். முந்தைய அளவுகள் ஆஸ்பத்திரி ஃபைலிலும் இருக்கும்தான். ஆனால் கூட்டத்தில் அதைப் புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

இன்னொன்று, வாய்விட்டுச் சொல்வது. மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, அதனால் சாப்பிடுவதில்லை. வீட்டில் அடி விழுகிறது. இந்தக் கர்ப்பத்தையே நான் எதிர்பார்க்கவில்லை. இதையெல்லாம் அறிமுகமில்லாத முகத்திடம், பக்கத்தில் நாலு பேர் நிற்க, யார் சொல்வார்கள்? ஒருமுறை கடுமையாகப் பேச்சு வாங்கியவள் மறுமுறை போகவே மாட்டாள். ‘ஏன் இவ்வளவு தாமதமா வந்தே?’ என்று எல்லார் முன்னும் கேட்கப்பட்டே செக்கப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்த வாதம் முழுக்க அந்த ஒரு நர்ஸின் மேல் நிற்கிறது என்பது எனக்கும் தெரிகிறது. மாதம் ஒருவர் மாறுகிற கிளினிக்கோ, சிடுசிடுக்கிற நர்ஸ் இருக்கிற கிளினிக்கோ என்றால் நான் சொன்னதில் பாதி அடிபட்டுப் போகும். அப்போது ஆஸ்பத்திரியே மேல்.

என் கர்ப்பம் சிக்கலில்லாதது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன், ஏற்கெனவே சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம், முந்தைய குறைப்பிரசவம் என்று ஏதாவது இருந்தால் என் அனுபவம் உங்களுக்கு உதவாது. ஆரம்பத்திலிருந்தே ஆஸ்பத்திரி மருத்துவர் பார்ப்பதுதான் சரி. ரத்தப்போக்கு, கண் மங்கல், விடாத தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது என்றால் எங்கே பதிவு செய்திருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

கிளினிக் என்று முடிவு செய்தால், பதிவு செய்யும் அன்றே இரண்டு விஷயம் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் என்னை யார் பார்ப்பார்? ராத்திரியில் ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள்? அப்புறம், எல்லா அளவுகளும் எழுதிய நோட்டு கிளினிக் அலமாரியில் இல்லாமல் உங்கள் கையிலேயே இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. பிரசவ வலியோடு போகிற இடத்தில் உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்; அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.