தெரியாமல் சொதப்பியதா, தெரிந்தே சொதப்பியதா?

மட்டமாக இருப்பதாலேயே கொண்டாடப்படும் படங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நல்ல படம் எடுக்கிறோம் என்று மனதார நம்பி எடுத்தது. இன்னொன்று, மட்டமாகத் தெரிய வேண்டும் என்றே எடுத்தது.

முதல் வகைக்கு 2003-இல் வந்த 'தி ரூம்' ஒன்றே போதும். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, நாயகன் எல்லாமே டாமி வைஸோதான். கோபமாகப் புலம்பிக்கொண்டே மொட்டை மாடிக்கு வருபவர், நண்பனைப் பார்த்த அடுத்த நொடி ஒன்றுமே நடக்காததுபோல் ஹாய் சொல்கிறார். வரவேற்பறையில் சட்டம் போட்டு வைத்திருப்பது ஸ்பூன் படம்! அது திரையில் தெரியும்போதெல்லாம் ரசிகர்கள் பிளாஸ்டிக் ஸ்பூன்களை வீசுகிறார்கள். இதையெல்லாம் யோசித்து எழுத முடியாது. ஒரு மனிதர் முழு மனதோடு உழைத்தது ஒவ்வொரு ஃப்ரேமிலும் தெரிகிறது. சிரித்துக்கொண்டே அவர்மேல் பிரியம் வந்துவிடுகிறது.

2013-இன் 'ஷார்க்நேடோ' இரண்டாம் வகை. சூறாவளி சுறாக்களை அள்ளி வந்து லாஸ் ஏஞ்சலிஸில் கொட்டுகிறது. சரி, கூட்டமாகப் பார்க்க ஜாலிதான். முதல் வகைபோல நடுவில் இழுக்காது. ஆனால் எங்கே சிரிக்க வேண்டும் என்பதைப் படமே முடிவு செய்துவிடுகிறது. நாமாகக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஒருமுறை பார்க்க சுறா போதும். திரும்பத் திரும்பப் பார்க்க என் ஓட்டு வைஸோவுக்கே.