கிளவுட் தரவுத்தளத்தைப் பிறரிடம் ஒப்படைப்போருக்கு: அறிக்கையை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைக் கிளவுட் சர்வருக்கு மாற்றித் தரும் வேலையை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். வேலை முடிந்ததும் அவர்கள் அளித்த அறிக்கை, அணுகல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது என்றும், இணைப்புகள் அனைத்தும் இடையில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டுள்ளன என்றும் கூறியது. சோதித்துப் பாராமல் முழுத் தொகையையும் கொடுத்தது எங்கள் தவறு. இரண்டுமே உண்மையல்ல என்பது எட்டு வாரங்கள் கழித்தே தெரிந்தது.

வேறொரு கோளாறுக்காகச் சர்வரின் நிகழ்வுப் பதிவேடான லாக்கைப் புரட்டியபோது, எங்களுக்குத் தொடர்பே இல்லாத ஐபி முகவரிகளிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயன்று தோற்ற பதிவுகள் பக்கம் பக்கமாக இருந்தன. எந்த முகவரியிலிருந்து வருவோரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் விதிகளில் எங்கள் அலுவலகத்துக்கும் செயலி சர்வருக்கும் தனித்தனியே அனுமதி எழுதியிருந்தார்கள். அவற்றுக்குக் கீழே, ஐபிவி4 எனும் பழைய வகை இணைய முகவரி உள்ள எவரும் நுழைவாயில் வரை வரலாம் என்று பொருள்படும் 0.0.0.0/0 என்ற வரியும் இருந்தது. அறிக்கையில் ஒட்டியிருந்த திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) சரியாக அந்த வரிக்கு மேலே வெட்டப்பட்டிருந்தது. கேட்டபோது, சோதனைக்காகத் திறந்ததை மூட மறந்துவிட்டோம் என்றார்கள். அடுத்த மின்னஞ்சலில், தரவுத்தளத்தின் நுழைவு எண்ணான போர்ட்டை, வழக்கமான 5432-இலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றியிருப்பதால் ஆபத்தில்லை என்றார்கள். இணையத்தை ஓயாமல் துழாவும் நிரல்கள் எந்த எண்ணையும் விட்டுவைப்பதில்லை என்பதற்கு அந்த லாக்கே சாட்சி.

குறியாக்கத்தில் நடந்தது இதைவிட நுட்பமானது. இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் (பழைய பெயர் எஸ்எஸ்எல்) சர்வரில் இயங்கியது உண்மைதான். ஆனால் அது கட்டாயமாக்கப்படவில்லை. இணைப்பு விதிகள் இருக்கும் கோப்பில் "ஹோஸ்ட்எஸ்எஸ்எல்" என்று எழுதினால் குறியாக்கம் இல்லாத இணைப்பை அந்த விதி ஏற்காது. வெறும் "ஹோஸ்ட்" என்று எழுதினால் இரண்டையும் ஏற்கும். இவர்கள் எழுதியது இரண்டாவது. ஒவ்வோர் இணைப்பின் நிலையையும் காட்டும் "பிஜி_ஸ்டாட்_எஸ்எஸ்எல்" என்ற காட்சியைத் திறந்தபோது, எங்களுக்காக அறிக்கைகள் தயாரிக்கும் பழைய நிரல் ஒன்று குறியாக்கமே இல்லாமல் இணைந்திருந்தது தெரிந்தது. எட்டு வாரங்களாக வாடிக்கையாளர் விவரங்கள் பொது இணையத்தின் வழியே வெறும் எழுத்தாகப் போயிருக்கின்றன. யாராவது இடையில் படித்தார்களா என்பதை இனி அறிய வழியில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதன்மைச் செயலியும் தப்பவில்லை. அதன் எஸ்எஸ்எல் அமைப்பு "ரெக்வயர்" என்றிருந்தது. தரவு குறியாக்கப்படும், ஆனால் சர்வர் காட்டும் அடையாளச் சான்றிதழை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மூலச் சான்றிதழ் கோப்பு எதுவும் கொடுக்கப்படாததால், எதிர்முனையில் இருப்பது நம் சர்வர்தானா என்று சரிபார்க்கப்படாது. நடுவில் ஒருவர் தன் சான்றிதழை நீட்டினாலும் இணைப்பு அமைந்துவிடும். சான்றிதழையும் சர்வர் பெயரையும் சேர்த்துச் சரிபார்ப்பது "வெரிஃபை-ஃபுல்" மட்டுமே.

ஆகவே, வேலையை ஏற்கும் முன் அனுமதிப் பட்டியலில் இல்லாத ஒரு முகவரியிலிருந்தும், அனுமதி பெற்ற முகவரியிலிருந்து குறியாக்கத்தை அணைத்துவிட்டும் நீங்களே இணைந்து பாருங்கள். இரண்டு முயற்சிகளும் மறுக்கப்பட வேண்டும். புதிய வகை முகவரியான ஐபிவி6-இல் எல்லோரையும் அனுமதிக்கும் ::/0 விதி தனியே ஒளிந்திருக்கலாம் என்பதால் அதையும் பாருங்கள்.

நாங்கள் அந்த 0.0.0.0/0 விதியை நீக்கி, "ஹோஸ்ட்எஸ்எஸ்எல்" எழுதி, கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றிவிட்டோம். அந்த நிறுவனமோ, இதே திருத்தங்களைச் செய்து தருவதற்கு "பாதுகாப்பு மேம்பாடு" என்ற தலைப்பில் புதிய விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறது.