ஆல்ஸ்வென்ஸ்கனா, சூப்பரெட்டனா?

சுவீடன் கால்பந்தின் முதல் பிரிவான ஆல்ஸ்வென்ஸ்கனைப் பார்ப்பதா, இரண்டாம் பிரிவான சூப்பரெட்டனைப் பார்ப்பதா என்று தயங்குவோர்க்காக இந்த ஒப்பீடு.

காலம்: இரண்டிலும் 16 அணிகள், 30 சுற்றுகள், வசந்தத்தில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடியும்.

தரம்: ஐயமின்றி ஆல்ஸ்வென்ஸ்கனே மேல்.

பரபரப்பு: 2000இல் உருவான சூப்பரெட்டன் இதில் முந்துகிறது. முதலிரு அணிகள் நேரடியாக மேலேற, மூன்றாம் அணியோ மேற்பிரிவில் 14ஆம் இடம் பெற்ற அணியுடன் இரண்டு ஆட்டங்களில் மோதியாக வேண்டும் என்பதால், கடைசிச் சுற்றில் ஒரே புள்ளி ஓர் அணியின் அடுத்த ஆண்டையே மாற்றிவிடும். தரமிறங்கி வந்த மால்மோ, இளம் ஸ்லாட்டன் இப்ராகிமோவிச்சின் 12 கோல்களின் துணையோடு அம்முதல் பருவத்திலேயே இரண்டாமிடம் பிடித்து மேலே திரும்பியது.

சாம்பியன் பட்டப் போட்டியே முக்கியம் என்போர்க்கு ஆல்ஸ்வென்ஸ்கன் போதும். நாளைய நட்சத்திரங்களை முன்பே அடையாளம் காண விரும்புவோர்க்கு, ஆட்டத்தின் கரடுமுரடைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், சூப்பரெட்டனே ஏற்றது.