14 கார், ரூ.91,000: கூட்டாகச் சேர்ந்து செராமிக் கோட்டிங் போட நினைப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் படிக்கவும்

ஒரு காருக்கு ரூ.6,500. 14 கார். மொத்தம் ரூ.91,000. இந்தப் பணம் போய் இன்றோடு 23 நாள் ஆகிறது. வாங்கியவர் இப்போது போனையே எடுப்பதில்லை.

கோவையில் சொந்தக் கையால் கார் கழுவி, பாலிஷ் போடுவதில் ஆசையுள்ளவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோன் ஒன்றில் கூடி, ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேலே தடவினால் கண்ணாடி மாதிரி இறுகும் பாதுகாப்புப் பூச்சு) போடலாம் என்று கொடுத்த பணம் அது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. பணம் வாங்கியவர் அந்தக் கடைப் பெயரில் வந்தவர். டீட்டெய்லிங் (கார் கழுவி, பாலிஷ் போடும் வேலை) பொருள் விற்கிற கடை. மெயின் ரோட்டில் பெரிய போர்டு. ஆன்லைனில் பளபளவென்று வீடியோ போடுகிற பக்கம். இதே ஏற்பாட்டை இன்னொரு ஊர்க் குழுவிடமும் அவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததால் அவசரமாக எழுதுகிறோம்.

பேசியது இதுதான். ஒவ்வொரு காருக்கும் சீல் உடைக்காத 50 மி.லி. கோட்டிங் பாட்டில் ஒன்று, தடவுவதற்குக் கட்டையும் ஸ்வேட் துணி ஐந்தும், துடைத்தெடுக்க மைக்ரோஃபைபர் துணி நான்கு, அரை லிட்டர் அயர்ன் ரிமூவர் (ஒட்டிய இரும்புத் துகளை எடுக்கும் திரவம்), 100 கிராம் க்ளே (பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி), அரை லிட்டர் பேனல் வைப் (பாலிஷ் எண்ணெயைத் துடைத்தெடுக்கும் திரவம்). கூடவே டி.ஏ. பாலிஷ் மெஷின் மூன்று, அதை ஓட்டத் தெரிந்த ஆட்கள் மூன்று பேர், பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர், கழுவ 500 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர். முடிவில் 3 வருட வாரண்ட்டி கார்டு. கழுவுவது, க்ளே ஓட்டுவது, கோட்டிங் தடவுவது எல்லாம் கார்க்காரர்கள் வேலை. பானெட், கூரை, டிக்கி மூன்றுக்கும் மெஷின் போடுவது அவர்கள் வேலை.

முந்தின ஞாயிறு டெமோவுக்கு வந்தார். கறுப்பு செடான் ஒன்றின் பானெட்டில் நடுவே டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் பாலிஷ் செய்து, எதையோ தடவி, எல்.இ.டி. லைட்டை அடித்துக் காட்டினார். சிலந்தி வலை மாதிரி இருந்த கோடெல்லாம் ஒரு பக்கம் அப்படியே, மறுபக்கம் கண்ணாடி. தண்ணீர் ஊற்றினார், முத்து முத்தாக உருண்டு ஓடியது. இப்போது யோசித்தால் அந்த டெமோவில் ஒரு படி இல்லை. பாலிஷ் முடிந்ததும் அவர் பேனல் வைப் அடிக்கவே இல்லை. ஃபில்லர் (கீறலை நிரப்பும் பொருள்) கலந்த கிளேஸ் என்ற பளபளப்புத் திரவம் போட்டால் அந்த எண்ணெய் கீறலுக்குள் போய் உட்கார்ந்து கோட்டை மறைத்துவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்து எண்ணெயை எடுத்த பிறகும் கோடு தெரியவில்லை என்றால்தான் பாலிஷ் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் உருளுவதும் எதையும் நிரூபிக்காது. நூறு ரூபாய் வேக்ஸ் போட்டாலும் அன்றைக்கு உருளும்.

ஆனால் எங்களை விழவைத்தது டெமோ இல்லை. அடுத்து அவர் செய்ததுதான்.

மீட்டரை எடுத்து ஒவ்வொரு காராக அளந்தார். கம்பெனிப் பெயின்ட் பொதுவாக 90 முதல் 140 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை காட்டும். அதில் மேலே இருக்கிற நிறமில்லாத பாதுகாப்புப் படலம், அதாவது கிளியர் கோட், 40, 50 மைக்ரான்தான். வெள்ளி நிற ஹேட்ச்பேக் ஒன்றின் பானெட்டில் 78 காட்டியது. அவர் உடனே கையை எடுத்துவிட்டார். “இதுல மெஷின் வைக்காதீங்கண்ணா. ஏற்கெனவே யாரோ கட் பண்ணி எடுத்துட்டாங்க. இன்னொரு தடவை வெச்சா கிளியரே போயிரும். கோட்டிங் மட்டும் போட்டுக்குங்க.” அந்த அறிவுரை சரியானது. இன்றைக்கும் அது சரிதான். வேலை தெரிந்த, காருக்கு நல்லது நினைக்கிற மனிதர் என்று 14 பேரும் நம்பியது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

அதோடு நிற்காமல் கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். வெள்ளிக் காரை விட்டால் 13 கார். மூன்று பேனலுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்தால் பத்தொன்பதரை மணி. மூன்று மெஷின் ஓடினால் ஆறரை மணியில் முடியும். காலை 7 மணிக்கு ஆரம்பித்தால் 2 மணிக்குள் மெஷின் வேலை முடிந்து, மாலைக்குள் கோட்டிங். கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!

அன்று சாயங்காலத்துக்குள் 14 பேரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து முழுப் பணமும் போட்டாயிற்று. ஸ்கேன் செய்ததும் வந்த பெயர் கடைப் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். இரண்டு பேர் கேட்டார்கள். “கடை அக்கவுன்ட்ல ஏதோ பிரச்சனைங்க, திங்கக்கிழமை ஜிஎஸ்டி பில்லு குடுத்தர்றேனுங்க” என்றார். பில் இன்றுவரை வரவில்லை. ரூ.91,000 வாங்கியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எங்களிடம் இல்லை, போனில் இருக்கிற 14 யுபிஐ ரசீதைத் தவிர.

அடுத்த ஞாயிறு 7 மணிக்கு வரவேண்டியவர் பத்தரைக்கு வந்தார். ஆர்.ஓ. தண்ணீர் வரவில்லை. குடோனில் இருந்தது போர் தண்ணீர். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) மீட்டரை விட்டுப் பார்த்தால் 1,100. சிறுவாணித் தண்ணீர் குடித்துப் பழகிய ஊரில் இதை வாயில் வைக்கமாட்டோம், காரில் ஊற்றினோம். சூடேறிய தகட்டில் இந்தத் தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்புத் திட்டு அப்படியே நிற்கும், அதன் மேலே கோட்டிங் போட்டால் திட்டும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முடிந்தவரை நிழலில் நிறுத்தி, ஒவ்வொரு பேனலாகக் கழுவித் துடைத்தோம்.

அயர்ன் ரிமூவர் அடித்தோம். மூன்று வருடம் ஓடிய அலாய் வீலில் பிரேக் தூசி இல்லாமல் இருக்காது. இரும்புத் துகளோடு சேர்ந்தால் சில நிமிடத்தில் ஊதா நிறம் வழிய வேண்டும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு சொட்டு ஊதா இல்லை. தண்ணீர் கலந்திருக்கிறார்கள், அல்லது அது அயர்ன் ரிமூவரே இல்லை. க்ளே 100 கிராம் கட்டி வரவேண்டிய இடத்தில் பாதி பாதியாக வெட்டிய துண்டு வந்தது.

மெஷின் மூன்று இல்லை, இரண்டு. ஒன்று டி.ஏ., இன்னொன்று ரோட்டரி, அதில் கம்பளிப் பேட். தெரியாதவர்களுக்கு: டி.ஏ. மெஷின் சுற்றிக்கொண்டே ஆடும், அதனால் ஒரே இடத்தில் சூடு ஏறுவது குறைவு. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். பழகிய கையில் அருமையான கருவி. பழகாத கையில் அடர்ந்த நிறக் காரில் ஹோலோகிராம் (வெயிலில் தெரியும் விசிறிக் கோடு) விழும், ஓரத்தில் இரண்டு நொடி அதிகம் நின்றால் பெயின்ட் எரியும். பேனலின் விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ட் மெலிதாகத்தான் இருக்கும், அதனால்தான் அங்கே டேப் ஒட்டுவார்கள். மெஷின் ஓட்ட வந்த பையன் டேப் கொண்டுவரவில்லை. ஒட்டச் சொல்லிக் கேட்டதற்கு “டைம் இல்லீங்கண்ணா” என்றான். டி.ஏ.வில் ஐந்து கார், ரோட்டரியில் ஆறு கார். மீதி இரண்டு காருக்கு மெஷினே படவில்லை. ஒரு கருநீலக் காரிலும் ஒரு கறுப்புக் காரிலும் வெயிலில் பார்த்தால் விசிறி விசிறியாக ஹோலோகிராம். ஒரு சிவப்புக் காரின் டிக்கி விளிம்பில் இரண்டு அங்குல நீளத்துக்குச் சாம்பல் நிற ப்ரைமர் (அடிப்பூச்சு) தெரிகிறது. அதற்கு மறுபடி பெயின்ட் அடிக்க ஆகும் செலவு இந்த ரூ.91,000-த்தில் சேராது.

பாட்டிலைப் பார்த்ததும் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். 50 மி.லி. சொன்ன இடத்தில் 30 மி.லி. மூடிக்குக் கீழே சீல் இல்லை. லேபிளில் தயாரிப்பாளர் முகவரி இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, மாதம் வருடம் இல்லை, எம்.ஆர்.பி. இல்லை, பேட்ச் எண் இல்லை. பெரிதாக “9எச்” என்று மட்டும் இருந்தது. (9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல் விழுந்தாலும் தாங்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.) கேட்டதற்கு “வெளிநாட்டுல இருந்து நேரா வந்த லாட்டுங்க, ஸ்டிக்கர் ஒட்ட நேரம் இல்ல” என்று பதில். சில்லறை விற்பனைக்கு வரும் பொட்டலத்தில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம் வருடம், எம்.ஆர்.பி. இருக்க வேண்டும் என்பது சட்டம்.

தடவும்போதே கையில் தெரிந்தது. நல்ல கோட்டிங் இரண்டடிக்கு இரண்டடிச் சதுரத்தில் எட்டுப் பத்துச் சொட்டு விட்டு குறுக்கும் நெடுக்குமாக இழுத்தால், ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் மேலே வானவில் மாதிரி நிறம் ஓடும். அப்போது துடைத்தால் துணி கொஞ்சம் பிடிக்கும். தாமதித்தால் கறுப்புத் திட்டாக இறுகி, மறுபடி பாலிஷ் போட்டால்தான் போகும். இந்தத் திரவம் எத்தனை நிமிடம் விட்டாலும் நிறம் மாறவில்லை, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு துணியோடு வந்தது. சந்தேகம் வந்த ஐந்து பேர் பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தார்கள். அதுதான் இப்போது எங்கள் கையில் இருக்கிற ஒரே பலம்.

24 மணி நேரம் தண்ணீர் படாமல், ஒரு வாரம் ஷாம்பு போடாமல் காத்திருந்தோம். எட்டாம் நாள் சாதாரண பி.எச். நடுநிலை ஷாம்பு, இரண்டு பக்கெட் முறையில் (ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணி அலசும் தண்ணீர்) ஒரே ஒரு கழுவல். தண்ணீர் உருளவில்லை. தட்டில் ஊற்றியது போலப் பரந்து நின்றது. 14 காரிலும் அப்படியே.

மிச்சம் வைத்த ஐந்து பாட்டிலிலிருந்தும் ஐந்து எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கம் மூன்று சொட்டு விட்டோம். ஆறாவது கரண்டியில் ஏற்கெனவே வேறு இடத்தில் வாங்கி வைத்திருந்த அசல் கோட்டிங். மறுநாள் அசல் கண்ணாடிச் சில்லு மாதிரி இறுகிவிட்டது, நகத்தால் சுரண்டினாலும் அசையவில்லை. காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் அது இறுகும். மற்ற ஐந்தும் 72 மணி நேரம் கழித்தும் எண்ணெய். விரலால் தொட்டால் ஒட்டுகிறது.

படம், வீடியோ எல்லாவற்றையும் அனுப்பினோம். முதல் பதில்: “முழுசா க்யூர் ஆக 15 நாள் ஆகும்ணா.” 72 மணி நேரத்தில் துளிகூட இறுகாதது 15 நாளில் எப்படி இறுகும்? இரண்டாவது: “போர் தண்ணில கழுவியிருக்கீங்க, அதான்.” ஆர்.ஓ. தண்ணீர் கொண்டுவருவதாகச் சொன்னது யார்? மூன்றாவது: “கம்பெனியில கேட்டு சொல்றேன்.” நாலாவது: “பார்ட்னர் ஊர்ல இல்லீங்க.” அதன் பிறகு வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே போய்விட்டார். நேரில் கடைக்குப் போனால் கல்லாவில் இருந்தவர், “அது கடை வியாபாரம் இல்லீங்களே, அவரோட சொந்த நம்பருக்குப் போட்ட பணத்துக்கு நாங்க என்ன பண்றது” என்கிறார். டெமோவுக்கு வந்தது கடைப் பெயர் போட்ட வேனில். போட்டிருந்த டிஷர்ட்டிலும் கடைப் பெயர். அவர் கொடுத்துவிட்டுப் போன வாரண்ட்டி கார்டை நீட்டினோம். “இதுல எங்க சீல் இல்லையே” என்று திருப்பிக் கொடுத்தார். ரூ.91,000 வாங்கும்போது யாரும் சீலைப் பற்றிப் பேசவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அது நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

விரிவாக வழிகாட்டி எழுத நினைத்தோம், கை ஓடவில்லை. உடனடியாக இவ்வளவு: க்யூஆரில் கடைப் பெயர் வராவிட்டால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பில் கையில் வந்த பிறகு பாதி, முதல் ஷாம்பு கழுவலுக்குப் பிறகு பாதி. டெமோவில் நீங்களே பேனல் வைப் அடித்துத் துடையுங்கள், பிறகு லைட்டைப் பிடியுங்கள். ஒரு பாட்டிலை முன்கூட்டியே வாங்கிக் கரண்டிச் சோதனை செய்யுங்கள், ஒரு நாள்தான் ஆகும். டேப் இல்லாமல் ரோட்டரியைக் காரின் அருகே விடாதீர்கள்.

இதே மாதிரி லேபிள் இல்லாத 30 மி.லி. பாட்டில் ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால் காரில் தடவ வேண்டாம். தடவிவிட்டிருந்தால் அவசரப்பட்டு மறுபடி மெஷின் போடாதீர்கள். முதலில் மீட்டரை வைத்து மைக்ரான் பாருங்கள், பேனல் வைப்பால் இரண்டு முறை துடைத்து எண்ணெயை எடுங்கள், வெயிலில் நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள். பாட்டிலைக் கழுவாமல், மிச்சத்தோடு மூடி வையுங்கள். புகாருக்கு அது வேண்டும்.